ஆந்தையோடை வேலியில் வலது கைப் பாதி

பள்ளிக்கூட பஸ்ஸை எல்டன் ஸ்டக்கி நடுவழியில் நிறுத்தினார் என்று எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. மழையோ பனியோ, வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும், கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்பும். அப்பேர்ப்பட்ட மனிதர் அந்த மே மாதத் திங்கட்கிழமை காலையில், நிறுத்தமே இல்லாத இடத்தில், நோரீன் பெய்ட்டன் வீட்டு வெளிக்கதவுக்கு எதிரே பிரேக்கை மிதித்தார். உள்ளே இருந்த பிள்ளைகள் முன்சீட்டில் முட்டிக்கொண்டார்கள்.

கதவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தது. 'விற்பனைக்கு. ஓடைக்கரை நிலம். பொழுதுபோக்கு, வேட்டை, மேய்ச்சல்.' கீழே நிலத் தரகர் ட்ரூடியின் முகம், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

"ஏன் நிறுத்திட்டீங்க எல்டன் சார்?" என்று பின்னாலிருந்து ஒரு சிறுமி கேட்டாள்.

"மாடு குறுக்க வந்துச்சு."

"எங்க, காணோமே?"

"போயிருச்சு. உக்காரு."

பிள்ளைகளிடம் அவர் சொன்ன முதல் பொய் அது. பெரியவர்களிடம் அதற்கு முன்பே ஒரு பொய் சொல்லியிருந்தார். எல்டனின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பொய்யைத்தான் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் மாடும் பஸ்ஸும்தான்.

வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஒரு காலத்தில் ஆவதாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு டென்வரில் வேலை கிடைத்தது, போனாள், அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். எல்டன் கல்யாணப் பரிசாக ஒரு பெரிய சூப் பாத்திரம் அனுப்பி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். காலையும் மாலையும் பஸ் ஓட்டுவார், நடுவில் தன் கறுப்பு மாடுகளைப் பார்த்துக்கொள்வார். எங்கள் வட்டாரத்தில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் அவர் பஸ்ஸில் போனவர்கள். அதனால் ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரிஃப் கூட அவரைக் கண்டால் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். பேச்சு மட்டும் ரொம்பக் குறைவு. மாடுகளோடு மணிக்கணக்காகப் பேசுவார், மனிதர்கள் வந்தால் வாயை மூடிக்கொள்வார்.

அவருடைய நிலமும் நோரீனுடைய நிலமும் அக்கம்பக்கம். கான்சஸ் மாநிலத்தில் எங்கள் பக்கம் ஏர் ஓட்ட முடியாது, மண்ணுக்கு அடியில் முழுக்கக் கல். புல்லுக்கு மட்டும் அந்தக் கல் ரொம்பப் பிடிக்கும். ஏப்ரலில் பழைய புல்லைக் கொளுத்திவிட்டால், மே மாதத்தில் கண் கூசுகிற பச்சை. மேட்டிலிருந்து சரிவில் இறங்கினால் ஆந்தையோடை, இரு கரையிலும் வால்நட் மரங்கள். கோடையில் பிள்ளைகள் அங்கே மடுவில் குதிக்கும். கெளுத்தி மீனைப் பிடித்துக் கரையிலேயே வறுத்துத் தின்போம். நவம்பர் வந்தால், ஒருவரை ஒருவர் மான் என்று சுட்டுவிடாமல் இருக்க ஆளாளுக்கு ஆரஞ்சு சட்டையை மாட்டிக்கொண்டு, மரத்தில் கட்டிய பரணில் ஏறி, மானுக்காக வாயைப் பொத்தி உட்கார்ந்திருப்போம். இதற்கெல்லாம் நாங்கள் பொழுதுபோக்கு என்று பேர் வைத்ததில்லை. ஓடைக்குப் போகிறேன் என்போம், அவ்வளவுதான்.

இப்போது வேலிக்கு வருகிறேன். எங்கள் ஊரில் இரண்டு பேர் நிலத்துக்கு நடுவே வேலி இருந்தால் அதைப் பங்கு பிரிக்க வக்கீல் வேண்டாம். வேலியின் நடுவில், அவரவர் நிலத்தில், இருவரும் முகத்துக்கு முகம் பார்த்து நிற்க வேண்டும். யாருக்கு வலது கைப் பக்கம் எந்தப் பாதி வருகிறதோ அதை அவர் பழுது பார்க்க வேண்டும். தாத்தா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். இதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

எல்டனுக்கும் நோரீனுக்கும் நடுவே இருக்கிற வேலி, சாலையில் ஆரம்பித்துச் சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி அக்கரையில் முடிகிறது. சரிபாதியில் ஒரு பழைய கல்தூண். எல்டன் தன் நிலத்தில் நின்று வலது கையை நீட்டினால் சாலைப் பக்கத்துப் பாதி. நோரீன் தன் நிலத்தில் நின்று நீட்டினால் ஓடைப் பக்கத்துப் பாதி.

சாலைப் பாதியில் ஒரு தொந்தரவும் கிடையாது. வருஷத்துக்கு இரண்டு ஆணி அடித்தால் போதும். ஓடைப் பாதிதான் ஆளைக் கொல்லும். ஓடையின் குறுக்கே கம்பம் நட முடியாது. அதனால் இந்தக் கரை மரத்துக்கும் அந்தக் கரை மரத்துக்கும் தடித்த இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டி, அதிலிருந்து தகரத்தையும் கட்டைகளையும் தொங்கவிடுவோம், மாடு அடியில் நுழைந்து போகாமல் இருக்க. ஒரு நல்ல மழை பெய்தால் போச்சு. வெள்ளம் அத்தனையையும் பிய்த்து எறிந்துவிட்டுப் போகும். இடுப்பளவு சேற்றில் இறங்கி, முதலிலிருந்து மறுபடி கட்ட வேண்டும்.

நோரீனின் கணவர் கேல் உயிரோடு இருந்தவரை அதை அவர்தான் கட்டினார். நல்ல மனிதர், எல்டனோடு ஒரே வகுப்பில் படித்தவர். வைக்கோல் கட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் நோரீன் குறடும் கையுமாகக் கல்தூணுக்கு வந்து நின்றார்.

"இனிமே வேலியை நான்தான் பாக்கணும். என் பாதி எதுன்னு காட்டிருங்க எல்டன்."

அப்போதுதான் எல்டன் அந்தப் பொய்யைச் சொன்னார். உண்மையில் வாயால் சொல்லவே இல்லை, கையால் சொன்னார்.

"இந்தப் பக்கம் வாங்க," என்றார். "இங்கேருந்து பார்த்தாத்தான் வேலி நேரா தெரியும்."

நோரீன் கம்பிக்கு அடியில் குனிந்து அவர் நிலத்துக்கு வந்தார். வேலியைப் பார்த்து நின்றார்.

"வலது கையை நீட்டுங்க," என்றார் எல்டன்.

நீட்டினார். கை சாலையைக் காட்டியது.

"அதான் உங்க பாதி," என்றார் எல்டன், காது மடல் வரை சிவந்து.

அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக ஓடைத் தடுப்பை எல்டன்தான் கட்டினார். நோரீன் சாலைப் பாதியில் ஆணி அடித்தார். யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு வேலையை வலியப் போய்த் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறவனை எங்கள் ஊரில் கிறுக்கன் என்போம். எல்டனுக்கோ வருஷத்திலேயே சந்தோஷமான நாட்கள் வெள்ளம் வடிந்த மறுநாட்கள்தான். ஏனென்றால் அவர் சேற்றில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் நோரீன் ஃபிளாஸ்க்கில் காப்பியும், அடுப்பிலிருந்து எடுத்த லவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் கொண்டு வருவார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கரையில் உட்கார்ந்துகொள்வார்.

"அந்தக் கட்டை கோணலா இருக்கு."

"மாடு கோணல் பாக்காது."

"நான் பாக்குறேனே."

எல்டன் அவிழ்த்து மறுபடி கட்டுவார். வேலை முடிந்ததும் இருவரும் ரொட்டியைத் தின்றபடி பஸ்ஸில் கொட்டம் அடிக்கிற வாண்டுகளைப் பற்றி, கேலைப் பற்றி, மான் குட்டிகளைப் பற்றிப் பேசுவார்கள். மனிதர்களோடு பேசாத எல்டன் அங்கே நிறுத்தாமல் பேசுவார். அந்தப் பெண்மணியின் மேல் அவருக்கு அத்தனை ஆசை. அதைச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

பலகையைப் பார்த்த அன்று சாயங்காலம் நோரீனே கல்தூணுக்கு வந்தார்.

"மக டல்சாவுல அவ வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு வீடு பாத்து வச்சிருக்கா," என்றார். "இங்க எனக்கு யார் இருக்கா, மாடும் டிவியும்தான். ஆனா மனசு இன்னும் ஒரு நிலைக்கு வரல. நீங்க என்ன நினைக்கிறீங்க எல்டன்?"

கேள்வி கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். எல்டன் சரிவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்ல புல்லு," என்றார். "சீக்கிரம் போயிரும்."

"அவ்வளவுதானா?"

எல்டன் யோசித்தார். "தண்ணி வசதியும் இருக்கு," என்றார்.

நோரீன் திரும்பிப் போய்விட்டார்.

தீவனக் கடை வைத்திருக்கிற டூயேன், எல்டனின் சின்ன வயது சிநேகிதன். மறுநாள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அடேய், ஒரு பொம்பள போகட்டுமா வேணாமான்னு கேக்குறா, நீ புல்லைப் பத்திப் பேசிட்டு வந்திருக்க. மாடாடா நீ?"

"அவங்க நிலத்தைப் பத்தித்தான் கேட்டாங்க."

"நிலத்தைப் பத்திக் கேக்க ட்ரூடி இருக்கா, பேங்க் இருக்கு. உன்னை எதுக்குடா கேக்கணும்? சனிக்கிழமை விச்சிட்டாவுலேருந்து ஒரு பல் டாக்டர் குடும்பத்தோட பாக்க வர்றாராம். அதுக்குள்ள போய்ப் பேசு. இல்ல, வர்ற டாக்டர்கிட்ட அந்த வாயைக் காட்டி வைத்தியம் பண்ணிக்கோ."

எல்டன் மாடு நக்குகிற உப்புக்கட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பேசப் போகவில்லை. புதன்கிழமை இரண்டு முறை நோரீன் வீட்டு வெளிக்கதவு வரை வண்டியில் போய், பலகையில் ட்ரூடியின் பல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

வியாழக்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வெள்ளிக்கிழமை முழுக்க ஓடை காப்பி நிறத்தில் ஓடியது. சனிக்கிழமை விடிந்து எல்டன் போய்ப் பார்த்தபோது வெள்ளம் வடிந்திருந்தது, தடுப்பு இருந்த இடத்தில் வெறும் கம்பி ஆடிக்கொண்டிருந்தது. கன்றுகள் ஓடைக்குள்ளேயே நடந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று போய் வந்துகொண்டிருந்தன.

குறடு அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. கம்பிச் சுருள் வண்டியில் இருந்தது. அவர் ஓடையில் இறங்கவில்லை.

ஓடை கண்ணில் படாதபடி வண்டியை மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, பின்கதவைத் திறந்துபோட்டு அதில் உட்கார்ந்துகொண்டார். இதை நான் கட்டிக் கொடுத்தால் டாக்டர் வந்து பார்ப்பார், வேலி நன்றாக இருக்கிறது என்பார், வாங்கிவிடுவார். கட்டாவிட்டால்? மாடெல்லாம் கலந்து கிடப்பதைப் பார்த்து, இந்தத் தலைவலி நமக்கெதற்கு என்று போய்விடலாம். இப்படியெல்லாம் ஒரு வயசான மனிதர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அது அற்பத்தனம் என்று அவருக்கே தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் பார்த்தால் டீக்கனைக் காணோம். டீக்கன் எல்டனின் காளை. தேவாலய ஊழியரின் பெயரை வைத்திருந்தாலும், அதற்கேற்ற அடக்கம் எல்லாம் கிடையாது. வெள்ளம் திறந்துவிட்ட வழியில் அது சாவகாசமாக நோரீனின் நிலத்துக்குப் போய்விட்டது. அதைத் தேடி எல்டன் மேட்டில் ஏறினார். மேலேயிருந்து பார்த்தபோது காளையும் தெரிந்தது, ஓடையும் தெரிந்தது. ஓடைக்குள் நோரீன் தெரிந்தார்.

கேலின் பழைய ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், ஒரு தகரத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் கம்பியில் கோர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். தகரம் நழுவியது. மறுபடி தூக்கினார். கரையில் வாளி கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் ஃபிளாஸ்க்கும், துணியால் மூடிய தட்டும்.

அந்த அம்மாள் காப்பி போட்டு, ரொட்டி சுட்டு, காத்திருந்து பார்த்துவிட்டு, ஆள் வரவில்லை என்று தானே இறங்கியிருக்கிறார். எல்டன் ஓடினார். இளைஞனாக இருந்தபோது கூட அவர் ஓடி நான் பார்த்ததில்லை. பூட்ஸோடு, சட்டையோடு, அப்படியே தண்ணீரில் இறங்கித் தகரத்தின் மறுமுனையைப் பிடித்தார்.

"வந்துட்டீங்களா," என்றார் நோரீன், அவரைப் பார்க்காமல்.

"வந்துட்டேன்."

"கோணலா பிடிக்காதீங்க."

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்துவிட்டார். சாலிபா என்று பெயர், தடித்த மீசை, நல்ல சிரிப்பு. அவர் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் கூட வந்தார்கள். முன்னால் ட்ரூடி, வெள்ளைச் செருப்பைச் சேறு படாமல் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். டீக்கன் அதற்குள் மேலே போய் டாக்டரின் காரில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை.

"ரொம்ப நாளா இப்படி ஒரு இடத்துக்குத்தான் ஏங்கிட்டிருந்தேன்," என்றார். "மான் வேட்டைக்கு நான், குளிக்க இவளுங்க. ஆமா, இந்த வேலியை யார் பாத்துக்கணும்?"

ட்ரூடிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அது எங்க ஊர் வழக்கப்படி டாக்டர். நீங்க உங்க நிலத்துல நின்னு, பக்கத்து நிலத்தைப் பாத்து, வலது கையை நீட்டுங்க. அந்தப் பக்கம் வர்ற பாதி உங்களோடது. அதோ, அந்தக் கல்தூண்தான் நடு."

டாக்டர் சரிவில் ஏறினார். கல்தூணுக்குப் பக்கத்தில், நோரீனின் நிலத்தில் நின்று, பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கக் கையை நீட்டினார். கை நேராக ஓடையைக் காட்டியது, ஓடைக்குள் தகரத்தோடு நின்ற இரண்டு பேரையும் சேர்த்து.

"அட, இந்தத் தண்ணிப் பாதியா நமக்கு?" என்றார் டாக்டர்.

ட்ரூடி கரைக்கு வந்து நோரீனைப் பார்த்தாள், எல்டனைப் பார்த்தாள். "அப்ப இது உங்க பாதிதானே நோரீன்? எல்டன் எதுக்குக் கட்டுறாரு?"

எல்டனுக்கு ஓடை அப்படியே தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது.

"தப்பு என்னோடதுதான்," என்றார் நோரீனிடம். "அன்னைக்கு உங்களை என் பக்கம் வரச் சொல்லிக் கையை நீட்டச் சொன்னேன். அது பொய்க் கணக்கு. உங்களால இந்தச் சேத்துல இறங்க முடியாதுன்னு நெனச்சேன். ஏமாத்திட்டேன், மன்னிச்சிருங்க."

நோரீன் ஈரக் கையால் முகத்திலிருந்த சேற்றை வழித்தார்.

"எல்டன், எங்கப்பா மேற்கே பெரிய பண்ணை வச்சிருந்தவரு. வேலிக் கணக்கு எனக்குச் சின்ன வயசுலயே தெரியும். நீங்க இந்தப் பக்கம் வாங்கன்னு கூப்பிட்டப்பவே புரிஞ்சு போச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ஓடைக்கு வருவீங்களா?"

எல்டன் தகரத்தைக் கம்பியில் கோர்க்கப் போனார்.

"வெள்ளம் வர்றதுக்காக நான் ஒன்பது வருஷமா வானத்தைப் பாத்துட்டு இருக்கேன்," என்றார் நோரீன். "ஊரெல்லாம் மழை போதும்னு சொல்லும், நான் இன்னும் பெய்யட்டும்னு இருப்பேன். இன்னைக்கும் விடியறதுக்கு முன்னாடியே மாவு பிசைஞ்சேன். ஆளைக் காணோம். ஏன் வரல நீங்க?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. "கட்டிக் கொடுத்தா நீங்க வித்துட்டுப் போயிருவீங்க," என்றார் எல்டன். "நீங்க போகக் கூடாது. புல்லு நல்லா இருக்குன்னு அன்னைக்கு உளறினேன். எனக்குப் புல்லும் வேணாம் தண்ணியும் வேணாம் நோரீன். நீங்க அந்த வாளியில உக்காந்திருக்கணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அவர் வாழ்நாளில் ஒரு மனிதரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது என்று டூயேன் இப்போதும் சத்தியம் செய்வான், அவன் அங்கே இல்லை என்றாலும். இருவரும் தகரத்தை விட்டுவிட்டார்கள். அது தண்ணீரில் விழுந்து ஓட்டத்தில் சாவகாசமாக இழுபட்டுப் போனது. யாரும் அதைப் பிடிக்கப் போகவில்லை.

ட்ரூடிதான் முதலில் தெளிந்தாள். "அப்ப பலகையை எடுத்துரலாமா?" என்று ஈனசுரத்தில் கேட்டாள்.

"எடுத்துரு கண்ணு," என்றார் நோரீன். பிறகு டாக்டரைப் பார்த்தார். "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, தப்பா நினைக்காதீங்க. நவம்பர்ல வாங்க. கேல் கட்டின பரண் வால்நட் மரத்துல சும்மாதான் கிடக்கு. கோடை முழுக்க பிள்ளைங்க மடுவுல குதிக்கலாம்."

டாக்டர் சாலிபா கேட்டு முடிக்கவில்லை, அவருடைய பெண்கள் இரண்டும் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டு மேல்மடுவில் குதித்துவிட்டன. அவர் மனைவி தட்டிலிருந்த துணியை விலக்கிப் பார்த்து, "இது யாருக்கு?" என்றாள். எல்லோரும் தின்றார்கள். ஆளுக்குப் பாதிதான் வந்தது, இருந்தாலும் குறையில்லை. பிறகு டாக்டர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடையில் இறங்கித் தடுப்பைக் கட்ட உதவினார். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது, நோரீன் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கோடையிலேயே, மடுக்கரையில், கெளுத்தி வறுவலோடு கல்யாணம் நடந்தது. பஸ்ஸில் போன தலைமுறைகள் எல்லாம் வந்தன. டல்சாவிலிருந்து மகள் வந்து அழுதாள், சிரித்தாள், எல்டனின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தாள். ஷெரிஃப் பொத்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார்.

விருந்து கலைந்த பிறகு, கல்யாண உடுப்பைக் கூட மாற்றாமல், இருவரும் கல்தூண் வரை நடந்தார்கள். நோரீன் பழையபடி கம்பிக்கு அடியில் குனிந்து எல்டனின் பக்கம் வந்தார். அருகருகே வேலியைப் பார்த்து நின்று இருவரும் வலது கையை நீட்டினார்கள். இரண்டு கையும் சாலைப் பாதியைக் காட்டின.

"இதென்ன வம்பு," என்றார் எல்டன். "அப்ப ஓடைப் பாதியை யார் பாக்குறது?"

நோரீன் தன் இடது கையால் அவருடைய இடது கையைப் பிடித்து, ஓடைப் பக்கமாகத் தூக்கிக் காட்டினார்.